'கெட்' படுத்தும் பாடு

நேயர்களே! உங்களில் எத்தனை பேருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. "எனக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது" என்று சத்தியம் செய்கிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை நிச்சயமாகத் தெரிந்திருக்கும். ஒன்று, கோபம் தலைக்கேறிய மேலதிகாரி சொல்லுகிற 'கெட் அவுட்'. மற்றொன்று, பஸ் கண்டக்டர் சொல்லுகிற 'ஹோல்டான்'. முதலாவதைக் கேட்டால் நாம் நகர வேண்டும். இரண்டாவதைக் கேட்டால் பஸ் நிற்க வேண்டும். வார்த்தை புரிந்தது, காரியமும் நடந்தது. அதற்கு மேல் இலக்கணம் எதற்கு?

'ஹோல்டான்' என்பது உண்மையில் 'ஹோல்ட்', 'ஆன்' என்ற இரண்டு சொற்கள் என்பதையோ, 'கெட்' என்ற வினைச்சொல்லின் வாலில் 'அவுட்' என்ற குட்டிச் சொல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதையோ யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை; 2012ஆம் வருஷம் ஒரு நாள் காலை 11 மணி வரையில். அந்தக் கதையைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறேன். முதலில் சென்ற மாதம் நடந்த கதையைக் கேளுங்கள்.

ஊருக்குப் போய்விட்டுச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெரம்பலூர் 1995இல் ஜில்லாத் தலைநகர் ஆகிவிட்டது. ஆனால் அந்த ஊருக்கு ரயில் கிடையாது. ரயிலேற வேண்டுமானால் பஸ் பிடித்து அரியலூருக்குப் போக வேண்டும். அப்படித்தான் அன்று மாலை பெரம்பலூர் பஸ் நிலையத்தில் அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

முன் ஆசனத்தில் ஜன்னலோரமாக ஒரு பெண். இருபத்தோரு வயது இருக்கலாம். பக்கத்தில் அவளுடைய அப்பாயி. மடியில் ஒரு மஞ்சள் பை. பெண்ணின் கையில் செல்போன். அதைப் பார்த்துப் பார்த்து அவள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"கெட் அப் - எழுந்திரு. கெட் ஓவர் - மீண்டு வா. கெட் த்ரூ - தேறு. கெட் பை - சமாளி. கெட் அலாங் - ஒத்துப்போ..."

பாட்டி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "ஏண்டி, வீட்டை விட்டுக் கிளம்புனதிலேருந்து கெட்டு கெட்டுங்கிறியே! என்னடி கெட்டுப் போச்சு?" என்றாள்.

"ஒண்ணும் கெட்டுப் போகலை அப்பாயி! இது இங்கிலீஷு. நாளைக்கு இன்டர்வியூவிலே கேட்டாலும் கேப்பாங்க."

"கேட்டா சொல்லிட்டுப் போயேன். அதுக்கு ஏன் மென்னு முழுங்குறே?"

"மொத்தம் அறுபது இருக்கு அப்பாயி. எல்லாத்துக்கும் முதல் சொல்லு கெட்டுதான். அர்த்தம் மட்டும் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. ராத்திரி படிச்சது காலையிலே மறந்து போவுது."

அந்தப் பெண் மறுபடி 'கெட் பை - சமாளி' என்று தொடங்கினாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இப்போது அந்த 2012ஆம் வருஷக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு உத்தியோகம் தேடிச் சென்னைக்கு வந்த புதிது. ஒரு காரியாலயத்தில் பேட்டிக்கு அழைத்திருந்தார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். என் மார்க்குகளைப் பார்த்தார்கள். திருப்தியாகத் தலையை ஆட்டினார்கள். ஊர் எது, தகப்பனார் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "பெரம்பலூர்ப் பக்கம், விவசாயம்" என்றேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இங்கிலீஷில், உங்கள் குடும்பம் எப்படி 'கெட் பை' செய்கிறது என்று அனுதாபத்தோடு கேட்டார்.

எனக்குக் 'கெட்' தெரியும்: பெறுவது, போய்ச் சேருவது. 'பை' தெரியும்: பை பஸ், பை டிரெயின். ஆகா, நாங்கள் ஊருக்கு எப்படிப் போய் வருகிறோம் என்று கேட்கிறார் என்று தீர்மானித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று பதில் சொன்னேன்: "பை பஸ், சார்!"

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். மற்றொருவர் சிரிப்பை அடக்கக் காகிதத்தைப் புரட்டினார். கேட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நல்லது, போய் வாருங்கள்" என்றார். உத்தியோகம் கிடைக்கவில்லை. அந்த ஒரு பதிலினால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அன்று மாலை ஒரு பழைய புத்தகக் கடை வாசலில் நின்றபடியே அகராதியைப் புரட்டிப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது வாஸ்தவம். அவர் கேட்டது, "இந்த வருமானத்தில் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள்?" என்று.

அதற்கு என்னிடம் பதில் இல்லாமலா போயிற்று? இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்த வருஷம் பருத்தி, மக்காச்சோளம். பெய்யாத வருஷம் கடன். அம்மா வளர்த்த ஆடுகள்தான் என் கல்லூரிச் சம்பளம். நான் காலேஜில் சேர வேண்டும் என்பதற்காக என் அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டாள். இவ்வளவையும் சொல்ல எனக்கு வாய் இருந்தது. கேட்க அவருக்குக் காதும் இருந்தது. இரண்டெழுத்துச் சொல் ஒன்று நடுவில் நின்று வழியை மறித்துவிட்டது!

ஆகவேதான் அந்தப் பெண் 'கெட் பை' என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏம்மா, நாளைக்கு எங்கே இன்டர்வியூ?" என்று கேட்டேன்.

"மெட்ராசிலே அண்ணா. ராத்திரி ரயிலுக்குப் போறோம்" என்றாள்.

"இந்த அறுபதையும் மனப்பாடம் செய்யச் சொன்னது யார்?"

"காலேஜிலே ஒரு காகிதம் கொடுத்தாங்க. போனிலே ஏத்தி வச்சிருக்கேன்."

நேயர்களே, பட்டியலை மனப்பாடம் செய்து பாஷை வந்தவர்கள் யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நம் ராஜ்யத்தில் இது புதிய விஷயமும் அல்ல. 1959இல் சென்னை ராஜ்யத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஓர் ஏற்பாடு ஆரம்பமாயிற்று. ஒரு சிறு குழுவுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் முறையில் பயிற்சி கொடுப்பது. அவர்கள் போய் மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுப்பது. இப்படி 27,000 ஆசிரியர்களை எட்டுவது என்பது திட்டம். பனிக்கட்டி உருண்டை உருள உருளப் பெரிதாவது போல என்று அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர் சூட்டினார்கள். சென்னை வெயிலில் பனி உருண்டை! அது போகட்டும். அந்தத் திட்டத்தின் அடிப்படை நல்ல அடிப்படை. வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, செய்து காட்டிச் செய்து காட்டிப் பழக்க வேண்டும். தனிச் சொற்களை உருப்போடச் செய்யக் கூடாது என்பது அது. 'ஸ்டாண்ட் அப்', 'சிட் டவுன்' இரண்டும் நம்மில் எவருக்காவது மறந்ததுண்டா? மறக்காது. ஏனென்றால் அவற்றை நாம் படிக்கவில்லை. எழுந்தும் உட்கார்ந்தும் கற்றுக்கொண்டோம்.

நான் அந்தப் பெண்ணிடம் ஜன்னலுக்கு வெளியே காட்டினேன். பஸ் நிலையத்தில் ஏழெட்டு பஸ்கள் வரிசையாக நின்றன.

"இந்த பஸ்கள் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கின்றன? எது துறையூருக்குப் போகிறது, எது ஆத்தூருக்குப் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

"போர்டைப் பார்த்துத்தான்."

"அவ்வளவுதான் அம்மா விஷயம். 'கெட்' என்பது பஸ். அதன் பின்னால் வருகிற 'அப்', 'ஓவர்', 'பை' எல்லாம் போர்டு. நீ போர்டைப் பார்க்காமல் பஸ்ஸையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்!"

நம்முடைய கஷ்டத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தமிழில் திசை என்பது வினைச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஏறு என்றால் மேலே. இறங்கு என்றால் கீழே. நுழை என்றால் உள்ளே. தாண்டு என்றால் அந்தப் பக்கம். தனியாக வேறொரு சொல் வேண்டியதில்லை. ஆகவே நம் காது பரம்பரை பரம்பரையாக வினைச்சொல்லையே கவனித்துப் பழகிவிட்டது. இங்கிலீஷ்காரர்களோ வினைச்சொல்லை அசைவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, திசையைப் பின்னால் ஒரு குட்டிச் சொல்லில் ஏற்றி அனுப்புகிறார்கள். நாம் 'கெட்'டில் அர்த்தத்தைத் தேடுகிறோம். அது அங்கே இல்லை. வாலில் இருக்கிறது.

இதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. பெரம்பலூரைத் தாண்டியதும் வழக்கம்போல ரோட்டில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். டிரைவர் ஓரம் ஒதுங்கி, ஒதுங்கி, உருட்டிக்கொண்டு போனார்.

"இதோ பார், இதுதான் 'கெட் பை'! 'பை' என்றால் பக்கமாக, ஓரமாக. நடு ரோட்டில் ஜம்மென்று போக வழியில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. ஓரம் ஒதுங்கி எப்படியோ கடந்துவிட்டோம். கையில் காசில்லாத மாதத்தை உங்கள் அப்பாயி எப்படிக் கடத்துகிறாள்? அப்படி!"

நான் மனத்தில் போட்டுக்கொண்ட படம் இது. இப்படிப் படம் போட ஆரம்பித்தால் அறுபதில் பாதிக்கு மேல் தாமாகவே அடங்கிவிடுகின்றன. 'ஓவர்' என்றால் வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம். ஆகவே 'கெட் ஓவர்' என்பது காய்ச்சலையோ துக்கத்தையோ தாண்டி வருவது. 'த்ரூ' என்றால் ஊடே புகுந்து மறுபுறம் வருவது. ஆகவே பரீட்சையில் தேறுவதும் 'கெட் த்ரூ'. டெலிபோனில் ஒருவழியாக எதிராளி கிடைப்பதும் 'கெட் த்ரூ'. 'அலாங்' என்றால் கூடவே, பக்கத்திலேயே நடப்பது. மாமியாரும் மருமகளும் சண்டையில்லாமல் இருந்தால் அது 'கெட் அலாங்'. 'அவே' என்றால் விலகி. திருடன் தப்பினால் 'கெட் அவே'. 'பிஹைண்ட்' என்றால் பின்னால். தவணை கட்ட முடியாமல் பின்தங்கினால் 'கெட் பிஹைண்ட்'. 'அக்ராஸ்' என்றால் குறுக்கே கடந்து அக்கரைக்கு. சொல்ல வந்த விஷயம் எதிராளியின் மனசுக்குப் போய்ச் சேர்ந்தால் 'கெட் அக்ராஸ்'. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களிடம் நான் செய்யத் தவறியது இதைத்தான்.

"அண்ணா, அப்ப 'கெட் டவுன்'? அதுக்கு இறங்குன்னுதானே அர்த்தம்? இந்த லிஸ்டிலே மனசு சோர்ந்து போறதுன்னு போட்டிருக்கு. அது தப்பா?" என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண்!

நேயர்களே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். "நான் அரியலூரில் 'கெட் டவுன்' ஆகிறேன்" என்று நம்மில் அநேகமாக எல்லோரும் சொல்லுகிறோம். நம் தேசம் முழுவதும் அப்படித்தான் வழங்குகிறது, எல்லோருக்கும் புரிகிறது. 'இறங்கு' என்ற சொல்லை அப்படியே இங்கிலீஷ் சட்டை போட்டு அனுப்புகிறோம். ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பஸ்ஸை விட்டு இறங்குவது 'கெட் ஆஃப்'. அங்கே 'கெட் டவுன்' என்றால் ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவது. இன்னோர் அர்த்தம், மனம் சோர்ந்துபோகச் செய்வது. திடீரென்று ஒருவர் 'கெட் டவுன்!' என்று கத்தினாலோ, ஆபத்து வருகிறது, குனி, தரையோடு படு என்று அர்த்தம். நம் ஊர்ப் பையன் ஒருவன் லண்டன் பஸ்ஸில் எழுந்து நின்று அப்படிக் கத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

பஸ், ரயில், விமானம், கப்பல், எழுந்து நடமாடத் தளம் உள்ள இந்த வாகனங்களில் ஏறுவது 'கெட் ஆன்', இறங்குவது 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோ போலக் குனிந்து நுழைந்து ஓரிடத்தில் உட்கார்ந்தே தீரவேண்டிய வண்டிகளில் ஏறுவது 'கெட் இன்', இறங்குவது 'கெட் அவுட்'. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் போதும். பிரயாணத்தில் மானம் போகாது.

பாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், "அது சரி தம்பி. ஒரே சொல்லை வச்சுக்கிட்டு இத்தனை வேலை வாங்குறாங்களே, அந்தச் சனங்களுக்கு வேற சொல்லா கிடைக்கலே?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. இது நமக்கு மட்டும் தோன்றிய சந்தேகமும் அல்ல. இங்கிலீஷ் அகராதி செய்த டாக்டர் ஜான்சன், 1755இல் வெளிவந்த அந்த அகராதியின் முன்னுரையிலேயே, வினைச்சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு அர்த்தத்தை மாற்றும் இந்தச் சிறு சொற்கள் அயல்நாட்டாருக்குப் பெருஞ்சிரமம் தருகின்றன என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், இந்தக் 'கெட்'டே அவர்கள் வீட்டுச் சொல் அல்ல. சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் குடியேறிய வடநாட்டு வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல். பழைய இங்கிலீஷில் அதற்கு உறவான சொல் தனியாக வழங்கவில்லை. வேறொரு சிறு உறுப்போடு சேர்ந்துதான் வழங்கிற்று. 'ஃபர்கெட்', அதாவது மறத்தல் என்ற சொல்லில் அந்தப் பழைய உறவு இன்னும் ஒளிந்திருக்கிறது. கையில் பிடித்திருந்தது நழுவிவிட்டால் மறதிதானே!

இன்னொன்று. அந்தக் காலத்து இங்கிலீஷில் திசை காட்டும் சொல் பெரும்பாலும் முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றது. 'ஓவர்கம்', 'அண்டர்ஸ்டாண்ட்', 'அப்ஹோல்ட்' என்பவையெல்லாம் அந்த வகையில் இன்றும் நிலைத்திருப்பவை. காலப்போக்கில் முன்னால் இருந்தது கழன்று பின்னால் போயிற்று.

இவ்வளவையும் பாட்டியிடம் எப்படிச் சொல்லுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பாட்டி பேத்தி பக்கம் திரும்பிவிட்டாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வரத் தொடங்கிவிட்டன. அரியலூர் நெருங்குகிறது என்று அர்த்தம். பாட்டிக்குக் கவலை வந்துவிட்டது.

"இந்தா, பையை நல்லாப் புடிச்சுக்க. காசை முந்தானையிலே முடிஞ்சுக்க. ரயிலு நின்னப்புறம் பாத்து ஏறிக்க. பசிச்சா ஏதாச்சும் வாங்கித் தின்னுக்க. அவங்க ஏதாச்சும் சொன்னா மனசைத் தேத்திக்க."

நேயர்களே, எண்ணிப் பாருங்கள். ஐந்து வாக்கியம், ஐந்து 'க்க'. பிடித்துக்கொள், முடிந்துகொள், ஏறிக்கொள், தின்றுகொள், தேற்றிக்கொள்! எனக்கு ஆசனத்திலிருந்து துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. இங்கிலீஷ்காரனுக்கு ஒரு 'கெட்' என்றால் நமக்கு ஒரு 'கொள்' இருக்கிறதே!

'கொள்' என்றால் என்ன? பெறு, அடை. 'கெட்' என்றாலும் அதேதான். இரண்டும் தங்கள் சொந்த அர்த்தத்தைப் பாதி மறந்துவிட்டு மற்றச் சொற்களுக்கு ஊழியம் செய்யப் போய்விட்டன. கல்யாணம் செய்துகொள்ளுவது 'கெட் மேரீட்'. கோபித்துக்கொள்ளுவது 'கெட் ஆங்ரி'. மாட்டிக்கொள்ளுவது 'கெட் காட்'. பழகிக்கொள்ளுவது 'கெட் யூஸ்ட்'. அதோடு நின்றதா? திசை காட்டும் சொல்லைச் சேர்த்துக்கொண்டு அது அடிக்கிற கூத்தைப் பாருங்கள். மருந்தை உட்கொள்ளுகிறோம், பிரயாணத்தை மேற்கொள்ளுகிறோம், ஆபத்தை எதிர்கொள்ளுகிறோம். உள், மேல், எதிர்: எல்லாம் போர்டுதான்! பிரயாணத்துக்கும் 'மேலு'க்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ் கற்கும் ஒரு வெள்ளைக்காரர் கேட்டால் நாம் என்ன பதில் சொல்லுவோம்? "அது அப்படித்தான் ஐயா, வழக்கம்" என்போம். அதே பதிலை அவர் நமக்குச் சொன்னால் மட்டும் தலையில் அடித்துக்கொள்ளுகிறோம்.

அப்போது இன்னொன்றும் புலப்பட்டது. அரியலூர் பஸ் நிலையத்தில் இறங்கினால் அடுத்த பஸ் எங்கே போகிறது? ஜெயங்கொண்டத்துக்கு. ஜெயம் கொண்ட ஊர்! அதற்கும் அப்பால்? கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரையில் படை அனுப்பி அதன் நீரைக் கொண்டுவரச் செய்த ராஜேந்திர சோழன், சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் எழுப்பிய தலைநகரம். அவனுக்குக் 'கடாரம் கொண்டான்' என்ற பட்டமும் உண்டு. அந்தக் 'கொண்ட'வில் யானையும் குதிரையும் கப்பலும் இருக்கின்றன. அதே சொல்தான் இன்று பாட்டியின் வாயில் 'க்க' என்று தேய்ந்து, முந்தானையில் காசை முடிந்துகொள்ளச் சொல்லுகிறது.

இதே அரியலூர் ஜில்லாவில், கொள்ளிடக் கரைப் பக்கம், ஏலாக்குறிச்சி என்ற ஊர் இருக்கிறது. இத்தாலி தேசத்தில் 1680இல் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, 1747இல் மறைந்த வீரமாமுனிவர் கோயில் கட்டிய ஊர். அவர் 1732இல் சதுரகராதி செய்தார் என்பதும், தேம்பாவணி பாடினார் என்பதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவ்வளவாகப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியதோடு அவர் நிற்கவில்லை; ஜனங்கள் பேசுகிற தமிழுக்கென்று தனியாக ஓர் இலக்கணத்தையும் லத்தீன் பாஷையில் எழுதினார். ஏன்? புத்தகத் தமிழை மட்டும் படித்துவிட்டு வந்தால் ஊரில் ஒருவர் பேசுவதும் புரியாது என்று அவர் கண்டுகொண்டார். அவரும் இந்தக் 'கொள்'ளோடு மல்லுக்கட்டாமல் தப்பியிருக்க முடியாது. பாட்டிகளின் வாயைப் பார்த்துத்தான் அவரும் கற்றிருப்பார் என்று எண்ணுகிறேன்.

ஆகவே, பிள்ளைகளைப் பெற்ற நேயர்களுக்கும் பாடம் சொல்லும் நேயர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அறுபது 'கெட்' உள்ள காகிதத்தைக் கொடுத்து, "நாளைக்கு ஒப்பி" என்று சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். அதற்கு ஒரு படம் வேண்டும்; அந்தப் படம் பிள்ளையின் வீட்டிலோ தெருவிலோ வயலிலோ இருக்க வேண்டும். பிறகு, அந்தச் சொல்லைப் போட்டு அவனுடைய சொந்தச் சமாசாரம் ஒன்றை அவனே சொல்லட்டும். 'கெட் பை'க்கு எதிரே 'சமாளி' என்று எழுதி வைத்தால் பேட்டி அறையில் மறந்து போகும். "மழை பெய்யாத வருஷத்தில் நாங்கள் எப்படிக் காலம் தள்ளினோம்" என்று ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற பாக்கியம் பெற்ற நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பையனோ பெண்ணோ நீங்கள் கேட்டதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஏதாவது பதில் சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் அதே கேள்வியை வேறு வார்த்தையில் ஒரு தரம் கேளுங்கள். உங்களுக்கு அரை நிமிஷம் நஷ்டம். அந்தப் பிள்ளைக்கு அது ஒரு வாழ்க்கை.

கண்டக்டர் விசில் கொடுத்தார். "அரியலூர்! ஹோல்டான்!"

அந்தப் பெண் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டாள். அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். படியில் கால் வைக்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "கெட் ஆஃப்தானே அண்ணா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஆமாம், ஆஃப்தான்" என்றேன்.

"நாளைக்கு 'கெட் பை' கேட்டா சொல்லுவேன் அண்ணா. அப்பா இறந்தப்புறம் அப்பாயிதான் களை வெட்டப் போயி எங்களைப் படிக்க வச்சாங்க. அதை இங்கிலீஷிலே சொல்லிப் பார்த்துட்டேன், மனசுக்குள்ளேயே. அஞ்சு வாக்கியம் வருது."

பாட்டிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. படியைப் பார்த்துப் பார்த்து இறங்குவதிலேயே கண்ணாக இருந்தாள்.

ரயில் நிலையத்தில் அவர்கள் ஒரு பெட்டியிலும் நான் வேறொரு பெட்டியிலுமாகப் பிரிந்துபோனோம். பேட்டி என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாது. விலாசமும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஐந்து வாக்கியத்தை அவள் சொல்லி முடிக்கிற வரையில் மேஜைக்கு அந்தப் பக்கம் யாரும் குறுக்கிடாமல் கேட்டிருக்க வேண்டும் என்று நித்தியமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நேயர்களே, பக்கம் நிறைந்துவிட்டது. ஆசிரியர் விசில் ஊதுகிறார். இந்த இடத்தில் நான் இறங்கிக்கொள்ளுகிறேன்.